இருண்ட ஓவியங்களைத் தேடுவோருக்கு: கேலரியைக் கண்டுபிடிப்பதிலிருந்து சுவரில் மாட்டுவது வரை

இணையத்தில் ‘டார்க் ஆர்ட்’ என்று தட்டிப் பார்த்தால் மண்டையோடு, காகம், முழுநிலவு, முக்காடு போட்ட உருவம் என்று ஒரே அச்சில் வார்த்த படங்கள் வந்து குவியும். யார் வரைந்தது, எதன்மேல் வரைந்தது, எவ்வளவு பெரியது, எதுவும் இருக்காது. நல்ல இருண்ட ஓவியங்கள் அந்தக் குவியலில் கிடைப்பது அபூர்வம். அவை இருக்குமிடம் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சில சிறிய கேலரிகள், விரல்விட்டு எண்ணக்கூடிய இதழ்கள், ஐரோப்பாவின் சிற்றூர்களில் உள்ள சில அருங்காட்சியகங்கள். அங்கே போய்ச் சேர நம்பகமான வழி ஒன்று உண்டு. மனதைப் பிடித்த ஓர் ஓவியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய படத்துக்குப் பக்கத்துச் சுவரில் யார் படம் தொங்கியது என்று பாருங்கள். பிறகு அந்த ஆளைப் பின்தொடருங்கள்.

அதற்கு முன் சில பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கேலரிகள் தங்களை இந்தப் பெயர்களால்தான் அழைத்துக்கொள்கின்றன. ‘லோபிரௌ’ என்பது அமெரிக்க மேற்குக் கரையில் காமிக்ஸ், கார் அலங்காரம், பங்க் இசைச் சுவரொட்டி ஆகியவற்றிலிருந்து முளைத்தது. ராபர்ட் வில்லியம்ஸ் அதன் மூத்த பெயர். 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘ஜக்ஸ்டபோஸ்’ இதழைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அதே மரபு, பழைய ஐரோப்பிய ஓவியர்களின் எண்ணெய் வண்ண நுணுக்கத்தோடு சேர்ந்தபோது ‘பாப் சர்ரியலிசம்’ என்ற பெயர் வந்தது. மார்க் ரைடனின் பெரிய கண் கொண்ட சிறுமிகளும் இறைச்சித் துண்டுகளும் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ‘டார்க் ஆர்ட்’ இவற்றைவிடக் கறுப்பானது: உடல், நோய், சாவு, கெட்ட கனவு. ‘ஆர்ட் ப்ரூட்’ முற்றிலும் வேறு. கலைப்பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள், மனநல மருத்துவமனையிலோ சிறையிலோ தனியறையிலோ யாருக்காகவும் இல்லாமல் செய்தவை அவை. 1945-இல் அந்தப் பெயரை வைத்தவர் ழான் துபுஃபே. இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் தேடல் எங்கும் போகாது. ஒன்றில் தொடங்குங்கள்.

நூல்நுனியைப் பிடித்து இழுப்பது

செட் ஸார் என்ற அமெரிக்க ஓவியரை எடுத்துக்கொள்வோம். திரைப்படங்களுக்கு அரக்க முகங்கள் செய்துகொடுத்த ஒப்பனைக் கலைஞர். பிறகு அதே முகங்களை எண்ணெய் வண்ணத்தில் தனி மனிதர்களின் உருவப்படங்களைப் போல வரையத் தொடங்கினார். அவருடைய வலைப்பக்கத்துக்குப் போனால் படங்களைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். கீழே ‘சிவி’ அல்லது ‘எக்ஸிபிஷன்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். பொக்கிஷம் அங்கேதான். தனிக்கண்காட்சி, குழுக் கண்காட்சி என்று ஆண்டுவாரியாகக் கேலரிப் பெயர்கள் வரிசையாக இருக்கும். கலிஃபோர்னியாவில் சாண்டா மோனிகாவின் காப்ரோ கேலரி, ஆஸ்திரேலியாவில் மெல்பர்னின் பைனார்ட் கேலரி ஆகியவற்றில் அவர் படங்கள் தொங்கியிருக்கின்றன.

இப்போது அந்தக் கேலரிகளின் பழைய கண்காட்சிப் பக்கங்களைத் திறந்து குழுக் கண்காட்சிகளை மட்டும் பாருங்கள். தனிக்கண்காட்சி ஒரே ஓவியரைக் காட்டும். குழுக் கண்காட்சி கேலரி நடத்துபவரின் கண்ணைக் காட்டும்: இருபது முப்பது பேரை ஒரே சுவரில் சேர்த்தது அவர் ரசனை. உங்களுக்குப் பிடித்தவரோடு இரண்டு வெவ்வேறு ஊர்க் கேலரிகளில் ஒரே ஆள் இணைந்து வந்திருந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேலரியிலும் அதே பெயர் வந்தால், உங்களுடைய அடுத்த ஓவியர் அவர்தான். இப்படி ஒரு மாலை உட்கார்ந்தாலே பத்துப் பன்னிரண்டு பெயர் சேர்ந்துவிடும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஐந்து விவரம் எழுதுங்கள்: ஓவியத்தின் தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எதைக் கொண்டு, எதன்மேல் வரைந்தது), சென்டிமீட்டரில் அளவு, காட்டிய கேலரி. இவற்றில் அளவு ரொம்ப முக்கியம். திரையில் எல்லாப் படமும் உள்ளங்கை அகலம்தான். லாரி லிப்டன் கரியிலும் பென்சிலிலும் ஆயிரமாயிரம் மெல்லிய கோடுகளை அடுக்கி நிழல் கட்டுபவர். அவருடைய படங்கள் பல மிகப் பெரியவை. கைப்பேசியில் அது வெறும் சாம்பல் நிறப் புகைப்படமாகத் தெரியும். அளவைப் படித்த பிறகுதான் அதன் முன்னால் நிற்க வேண்டும் என்ற ஆசை வரும்.

அமெரிக்காவில் நூலின் மறுமுனை பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸில் முடியும். 1986-இல் பில்லி ஷயர் தொடங்கிய லா லூஸ் தெ ஹெஸூஸ் அந்த ஊரின் மூத்த கேலரி. பொம்மையும் புத்தகமும் விற்கும் கடைக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டுதோறும் புதியவர்களைத் தேர்ந்தெடுத்து நடத்தும் பெரிய குழுக் கண்காட்சியும் உண்டு. பெயர் தெரியாத இளைஞர்களை முதலில் பார்க்க அதுபோல இடம் குறைவு. அதே ஊரில் கோரி ஹெல்ஃபோர்ட் கேலரி பெரிய கூடங்களில் மெருகான படங்களைக் காட்டும். ஜப்பான் பக்கம் ஆர்வமிருந்தால் டோக்கியோ கின்சாவின் வனிலா கேலரி. இதழ்களில் 2005-இல் தொடங்கிய ‘ஹை-ஃப்ரக்டோஸ்’, 2012-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ‘பியூட்டிஃபுல் பிஸார்’ இரண்டும் போதும். இதழில் கட்டுரையைவிட விளம்பரப் பக்கங்களைக் கவனியுங்கள். காசு கொடுத்து அங்கே விளம்பரம் போடும் கேலரிகள்தான் இந்த உலகத்தின் வரைபடம்.

போலியை விலக்குவது

இந்தத் துறையில் இன்று பெரிய தொல்லை, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்கள் செத்துப்போன ஓவியர்களின் பெயரில் உலவுவது. அதிகம் பாதிக்கப்பட்டவர் போலந்தின் ஸ்ஜிஸ்வாஃப் பெக்ஷின்ஸ்கி. 1929-இல் சானோக் நகரில் பிறந்து 2005-இல் வார்சாவில் கொலையுண்டவர். அவர் தன் படங்களுக்குத் தலைப்பே வைக்கவில்லை. பார்ப்பவர் அர்த்தம் தேடி அலைவதை அவர் விரும்பவில்லை. தலைப்பு இல்லாததே இப்போது போலிகளுக்கு வசதியாகிவிட்டது. எந்த எலும்புக் கோபுரத்தின் கீழும் அவர் பெயரை ஒட்டிவிடலாம். ஆகவே ‘பெக்ஷின்ஸ்கியின் இன்ன தலைப்பிட்ட ஓவியம்’ என்று ஒரு பதிவு சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள். அவர் பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தைக் கான்வாஸில் போடாமல் அழுத்திய மரநார்ப் பலகையில் போட்டார். அதனால் ‘கான்வாஸ்’ என்று எழுதியிருந்தாலும் ஒருமுறை நின்று பாருங்கள்.

உயிரோடிருக்கும் ஓவியர் என்றால் சோதனை எளிது. பாதி முடிந்த நிலையில் படம், பலகையின் ஓரம் தெரியும் புகைப்படம், கேலரிச் சுவரில் தொங்கும் காட்சி, இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா? படத்தைப் பின்னோக்கித் தேடும் வசதியில் போட்டால் ஏதாவது ஒரு கேலரிப் பக்கம் வருகிறதா? மூன்று மாதத்தில் முந்நூறு படம் போட்ட கணக்கைத் தொடராதீர்கள். எண்ணெய் வண்ணம் காயவே வாரக்கணக்கில் ஆகும்.

நேரில் பார்ப்பது

ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு ஒரு பெரிய வசதி, இந்தக் கலையின் முக்கியமான வாசல்கள் அவர்கள் அன்றாடம் புழங்கும் ரயில் பாதையிலேயே இருக்கின்றன.

பாரிஸில் லாச்சப்பலுக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் 2-ஆம் எண் மெட்ரோவில் பர்பேஸுக்கு அடுத்த நிறுத்தமான ஆன்வேரில் இறங்கினால், மொன்மார்த்ர் குன்றின் அடியில் ஹால் சாங் பியேர். இரும்பும் கண்ணாடியுமாய்க் கட்டிய பழைய சந்தைக் கட்டடம். 1986 முதல் கலைக்கூடம். ஆர்ட் ப்ரூட்டும் அதைச் சுற்றிய விசித்திரங்களும்தான் அதன் வேலை. ‘ஹே!’ இதழ்க்காரர்கள் 2011 தொடங்கி அங்கே நடத்திய பெரிய கண்காட்சிகள்தான் லோபிரௌ உலகத்தையும் ஆர்ட் ப்ரூட்டையும் பிரெஞ்சுப் பார்வையாளர்களுக்கு ஒரே கூரையின் கீழ் காட்டின. கண்காட்சிக்குச் சீட்டு வேண்டும். புத்தகக் கடைக்கு வேண்டாம். முதல் தடவை புத்தகக் கடையில் மட்டும் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். பழைய கண்காட்சிகளின் அட்டவணை நூல்கள் அங்கே அடுக்கியிருக்கும். முன்னே சொன்ன பெயர் சேகரிப்பை அங்கேயே செய்யலாம்.

சுவிட்சர்லாந்தில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் லோசான். அங்கே 1976-இல் துபுஃபேயின் நன்கொடையில் திறந்த ஆர்ட் ப்ரூட் தொகுப்பு. திங்கட்கிழமை மூடியிருக்கும். சுவர்கள் கறுப்பு, வெளிச்சம் குறைவு. தாள்கள் நலிந்தவை என்பதால் அப்படி. கண் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். அலோயிஸ் கோர்பாஸ் (1886–1964) ஜெர்மன் பேரரசரின் அரண்மனைச் சூழலில் குழந்தை பார்க்கும் வேலையில் இருந்தவர். பிறகு வாழ்நாளின் பெரும்பகுதி மருத்துவமனை. பொட்டலத் தாள்களை நூலால் தைத்து, வண்ணப் பென்சிலாலும் பூவிதழ்ச் சாற்றாலும் வரைந்தார். அவர் வரைந்த பெண்களின் கண்களில் கருவிழி இல்லை, நீல நிரப்பல்தான். கிட்டே போய்த் தையலைப் பாருங்கள், தள்ளி நின்று அந்தக் கண்களைப் பாருங்கள். அருகில் உள்ள வாழ்க்கைக் குறிப்பைப் படத்தைப் பார்த்த பிறகு படியுங்கள். முதலில் படித்துவிட்டால் படம் நோயின் சான்றாகச் சுருங்கிவிடும், ஓவியர் காணாமல் போய்விடுவார். இந்த இடத்தில் பெரும்பாலானவர் செய்யும் தவறு இதுதான்.

மறுநாள் க்ரூயேர். ‘ஏலியன்’ திரைப்படத்தின் கொடிய உயிரினத்தை வடிவமைத்து 1980-இல் ஆஸ்கர் பெற்ற ஹெச். ஆர். கீகரின் அருங்காட்சியகம் 1998 முதல் அந்தக் கோட்டை ஊரில் இருக்கிறது. லோசானிலிருந்து போனால் பலேஸ்யூவில் மாறி பூல் வழியாக. பெர்ன், ஃப்ரிபூர் பக்கமிருந்து வந்தால் நேரே பூல் வந்து மாறலாம். ரயில் நிலையம் குன்றின் அடியில், சீஸ் தொழிற்சாலைக்கு எதிரே. அங்கிருந்து ஊருக்குக் கால் மணி நேர ஏற்றம். குளிர்காலத்தில் திறப்பு நேரம் குறையும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வந்தபின் குறுகலான அறைகளில் நிற்க முடியாது.

உள்ளே, ‘ஸ்பெல்’ வரிசை ஓவியங்கள் நாற்புறமும் சூழும் அறையில் அதிக நேரம் நில்லுங்கள். கீகர், நிறத்தைக் காற்றால் தூவும் ஏர்பிரஷ்ஷால் வரைந்தவர். அச்சில் அது உலோகம்போல வழவழப்பாகத் தெரியும். நேரில் கிட்டே பார்த்தால் தூவிய நிறத்தின் மணிகளும், கையால் திருத்திய இடங்களும், ஓரங்களில் வேலை நின்றுபோன இடங்களும் புலப்படும். இயந்திரம்போலத் தோன்றியது ஒரு மனிதனின் சலிக்காத கை என்று புரியும் இடம் அது. வயது வந்தோருக்கு மட்டுமான ஒரு சிவப்பு விளக்கு அறையும் உண்டு, பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனம். மேல்மாடியைத் தவறவிடாதீர்கள்: கீகர் தன் சொந்தக் காசில் வாங்கிச் சேர்த்த பிற ஓவியர்களின் படங்கள் அங்கே தொங்குகின்றன. நாம் சொன்ன நூல்நுனி முறையை ஓவியரே செய்துவைத்திருக்கிறார். அங்குள்ள பெயர்ப் பட்டியலை எழுதிக்கொண்டு வந்தால் ஆறு மாதத் தேடலுக்குப் போதும். எதிரே அவர் வடிவமைத்த மதுக்கூடம். கூரை முழுக்க முதுகெலும்பு. ஒரு காப்பியோடு உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம்.

பெக்ஷின்ஸ்கிக்குப் போலந்துதான் போக வேண்டும். சானோக் கோட்டை அருங்காட்சியகத்தில்தான் மிகப் பெரிய தொகுப்பு இருக்கிறது. ஓவியத்தோடு அவருடைய ஆரம்பகாலப் புகைப்படங்களும் சிற்பங்களும் சேர்த்துப் பார்க்கலாம். ஜெஷூஃப் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. நேரமில்லாதவர்களுக்குக் கிராகோவ் நகரின் நோவா ஹூட்டா பண்பாட்டு மையத்திலும் ஒரு கூடம் இருக்கிறது. லண்டன்காரர்களுக்கு ஹாக்னியில் விக்டர் விண்ட் அருங்காட்சியகம்: நெருக்கிப் பிடித்த நிலவறை, பாடம்செய்த விலங்குகளுக்கு நடுவே ஆஸ்டின் ஆஸ்மன் ஸ்பேர், லியோனோரா காரிங்டன் ஓவியங்கள். மாலையில் கூட்டம் அதிகம்.

நம் பக்கத்தில் இதே பெயரில் இயங்கும் கேலரிகளைத் தேடி ஏமாறாதீர்கள். இருள் இங்கே வேறு வடிவத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன் 2011-இல் கொண்டுவந்த ‘இன்கம்ப்ளீட் தோம்பு’ (தோம்பு என்றால் காணிப் பதிவேடு) என்ற நூல், போரில் வீடிழந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களையும், அவற்றின் கட்டடக்கலை வரைபடத்தையும், ஓவியரின் சித்திரத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. ஓர் எலும்புக்கூடுகூட இல்லை. ஆனால் எத்தனையோ அரக்கர் படங்களைவிட அது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். கொழும்பில் 2019 முதல் இயங்கும் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் நிகழ்ச்சிகளைக் கவனித்து வாருங்கள். சென்னைக்காரர்கள் சோழமண்டலத்தில் சி. டக்ளஸின் ஒடுங்கிய மனித உருவங்களைத் தேடிப் பாருங்கள். ஈராண்டுக்கொருமுறை நடக்கும் கொச்சி கண்காட்சிக்குப் போனால் முதன்மை அரங்கோடு திரும்பிவிடாமல் மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மாணவர்கள் வைக்கும் பகுதிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

கேலரியில் பழகும் முறை

சிறிய கேலரிக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, வாங்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. தயங்கி வாசலில் நிற்க வேண்டாம். மேசையில் விலைப்பட்டியல் இருக்கும், கேட்டு வாங்குங்கள். அதில்தான் ஊடகமும் அளவும் அச்சிட்டிருக்கும். சிவப்புப் புள்ளி என்றால் விற்றுப்போனது. தொடக்க நாளில் ஓவியரே இருப்பார். ஆனால் அன்று படத்தைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்கலாம். ஓவியரிடம் பேச அன்றைக்கும், பார்க்க இன்னொரு வேலைநாள் பிற்பகலும் என்று இரண்டு தடவை போங்கள்.

தொலைவிலிருந்து வாங்க நினைத்தால் தொடக்க நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே கேலரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீங்கள் யார், எந்த ஊர், இன்ன ஓவியரின் முன்பார்வைப் பட்டியல் வேண்டும்: மூன்று வரி போதும். நல்ல படங்கள் பல, கதவு திறக்குமுன்பே இந்தப் பட்டியல் வழியாகப் போய்விடும். பலர் ஏமாறுவது இதனால்தான். தவணையில் கட்டலாமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பல கேலரிகள் சம்மதிக்கும். செய்யக்கூடாதது ஒன்று: கேலரியில் தொங்கும் படத்துக்கு ஓவியரிடம் தனியாகச் செய்தி அனுப்பிக் குறைந்த விலை கேட்பது. விற்பனையில் ஏறத்தாழ பாதி கேலரிக்குப் போவது வழக்கம்தான். அந்தப் பாதியில்தான் வாடகையும் விளம்பரமும் அடுத்த இளைஞரின் முதல் கண்காட்சியும் நடக்கின்றன.

அச்சுப்பிரதி வாங்குவதும் காப்பதும்

மூலப்படம் எட்டாதவர்களுக்கு அச்சுப்பிரதி. கேட்க வேண்டியவை: நிறமி மையா, பருத்தித் தாளா, தாளின் கனம் என்ன (சதுர மீட்டருக்கு 300 கிராம் பக்கம் இருந்தால் நல்லது), மொத்தம் எத்தனை பிரதி, கையெழுத்துப் பென்சிலில் போட்டதா அல்லது படத்தோடு அச்சானதா. ‘12/100’ என்றால் நூறில் பன்னிரண்டாவது. எண் சிறியதாக இருப்பதால் மதிப்பு கூடாது. மொத்தம் சிறியதாக இருந்தால்தான் கூடும். எண் இல்லாமல் ‘லிமிட்டெட்’ என்று மட்டும் சொன்னால் அது சுவரொட்டிதான், அந்த விலைக்கு வாங்குங்கள்.

இந்தியாவுக்கு வரவழைக்கும்போது விலைச்சீட்டில் பொருளின் பெயர் சரியாக இருக்க வேண்டும். கையால் வரைந்த ஓவியம் சுங்க அட்டவணையின் 97-ஆம் அத்தியாயம். கணினி அச்சுப்பிரதி 49-ஆம் அத்தியாயம், அச்சுப் பொருள். இரண்டையும் மாற்றி எழுதினால் பொட்டலம் வாரக்கணக்கில் நிற்கும். வரி எவ்வளவு என்று அனுப்புமுன் கூரியர்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிர்வாண உருவங்களைச் சுங்கத்துறை ஆபாசம் என்று நிறுத்தக்கூடும். அத்தகைய படத்துக்கு அந்த அபாயத்தைத் தெரிந்தே பணம் கட்டுங்கள்.

குழாயில் வந்த தாளை வந்த உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாள் அறையில் கிடக்கட்டும், அறையின் ஈரத்துக்கு அது பழக வேண்டும். பிறகு கை கழுவித் துடைத்துவிட்டு, சுத்தமான தாளின்மேல் விரித்து, மேலே இன்னொரு தாள் போட்டு, ஓரங்களில் மட்டும் புத்தகம் வைத்து இரண்டு நாள் விடுங்கள். எதிர்த்திசையில் சுருட்டி நிமிர்த்தப் பார்த்தால் மை வெடிக்கும்.

பிரேம் கடையில் வழக்கமாக நடப்பது: செலோடேப்பால் நாலு பக்கமும் ஒட்டி, கண்ணாடியை நேரே தாள்மேல் அழுத்தி, பின்னால் பிளைவுட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்றும் கேடு. டேப் மஞ்சளாகித் தாளில் ஊறும். பிளைவுட்டின் அமிலம் பழுப்புக் கறையாக முன்னால் வரும். கண்ணாடியில் ஒட்டிய மை ஐப்பசி அடைமழையில் அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது. அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்துக் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். தாளை மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு தொங்கவிட வேண்டும். ஈரத்தில் தாள் விரியும், நாலு பக்கமும் கட்டினால் அலையலையாய்ப் புடைத்துவிடும். மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் குளியலறை ஒட்டிய சுவரிலும் மாட்டாதீர்கள். பிரேமின் கீழ்மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். மார்கழி பிறந்ததும் கழற்றி முதுகைப் பாருங்கள். பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அது பூஞ்சையாக இருக்கலாம். துணியால் தேய்த்தால் தாளுக்குள் இறங்கிவிடும். காற்றோட்டமான நிழலில் உலரவிட்டு, தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.